பெல் அடிச்சா எந்திரிக்கக் கூடாது

நீ ஏம்மா எந்திரிக்கிற? உட்காரு. பெல் அடிச்சா அடிக்கட்டும். யாருமில்ல, எங்க வீட்டுக்காரர்தான். பால் வாங்கப் போனார், சாவிய விட்டுட்டுப் போயிட்டார். எப்பவும் நடக்கறதுதான்.

ஐயோ, திறக்காதேன்னா திறக்காதே. நீ எதிர்வீட்டுக்கு இப்பத்தான் குடி வந்திருக்க, உனக்கு இது கொடுமையாத்தான் தெரியும். அந்த மனுஷன் வெளிய நிக்கறார், இவ தையல் மெஷின்ல சாவகாசமா உட்கார்ந்திருக்கான்னு தோணுதுல்ல? தோணட்டும். சரி, பேன்ட் எவ்வளவு குறைக்கணும்? போட்டுக்கிட்டே வந்தது நல்லதாப் போச்சு. இந்த ஸ்டூல் மேல ஏறி நேரா நில்லு, மடிச்சு குண்டூசி குத்திடறேன்.

பாரு, மறுபடியும். முன்னெல்லாம் முதல் பெல்லுக்கே என் கால் தானா ஓடும். ஊசியில நூல் பாதி கோத்திருந்தாலும் அப்படியே போட்டுட்டு ஓடிப்போய்த் திறந்துட்டு, நாலு வார்த்தை திட்டுவேன். அவர் ஒரு இளிப்பு இளிச்சிட்டு உள்ள வந்துருவார். அதுல எங்கேர்ந்து புத்தி வரும், சொல்லு? நானே அவருக்கு சாவியா இருந்தா, அப்புறம் அவருக்கு சாவி எதுக்கு? அதனால முதல்ல என் பழக்கத்தை விட்டாகணும். அதுதான் பெரிய பாடு. இப்பக்கூட உள்ளங்கால் குறுகுறுங்குது.

சொல்லிப் பார்க்காம இருப்பேனா? வாய் வலிக்கச் சொல்லியாச்சு. கதவுக்குப் பக்கத்துல ஆணி அடிச்சு சாவிய மாட்டினேன். அதுக்கு மேலயே குடையை மாட்டி மறைச்சு வச்சார். செருப்புக்குள்ள போட்டு வச்சேன், காலை விட்டா உறுத்தும்ல? உறுத்துச்சு. எடுத்து பத்திரமா ஸ்டாண்டு மேல வச்சிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார். சிரிக்காதே, எனக்கு வயிறு எரியுது. கயித்துல கோத்துக் கழுத்துல போட்டுவிட்டேன். நான் என்ன நர்சரிப் பிள்ளையான்னு அன்னைக்குப் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டார். அப்புறம் ஒரு யோசனை வந்துச்சு. மனுஷன் கண்ணாடி இல்லாம வாசல் தாண்ட மாட்டார், அது ஊறிப்போன பழக்கம். அதோட சேர்த்து இதையும் பழக்கிடலாம்னு, கண்ணாடிக் கூட்டுக்குள்ளயே சாவிய வச்சேன். கண்ணாடியை எடுத்து மூக்குல மாட்டிக்கிட்டார். கூடு மேஜை மேலயே கிடக்குது.

எரிச்சல் வருமா வராதா? பஸ் ஓட்டினவரும்மா. வண்டிச் சாவிய ஒரு நாள் மறந்ததில்ல. ரிடையராகி சாவியத் திருப்பிக் குடுத்த பிறகும், சட்டையைப் போட்ட உடனே கை பாக்கெட்டைத் தடவிப் பார்க்கும். அப்படிப்பட்ட கைக்கு ஒரு வீட்டுச் சாவி பழகாதா? நீதாம்மா அப்பாவைக் கெடுத்து வச்சிருக்கன்னு எங்க பொண்ணு போன்ல சொன்னா. சரின்னு திறக்கறதை நிறுத்தினா, வயசான மனுஷனை வெளிய நிக்க வைக்கறியே, உனக்கென்ன பைத்தியமான்னு அவளே கத்தறா. எப்படிப் போனாலும் பேச்சு எனக்குத்தான்.

இல்லம்மா, ராத்திரி வரைக்குமா நிக்க வைப்பேன்? கொஞ்ச நேரம் நோகட்டும்னுதான். ஒரு நாள் மாடிப்படியிலயே உட்கார்ந்து பேப்பர் பூரா படிச்சு முடிச்சிருக்கார். திறந்ததும் என்னையே பார்த்துட்டு, நீ ரொம்ப மாறிட்டடின்னார். அதுக்கப்புறம் எனக்கு சோறே இறங்கல. ஆனா மறுநாள் சாவிய எடுத்துக்கிட்டுப் போனார் தெரியுமா? அவரே திறந்துக்கிட்டு உள்ள வந்தார். ஒரே ஒரு தடவைதான். பூட்டுல சாவி திரும்பற சத்தம் கேட்டு எனக்கு அழுகையே வந்துருச்சு.

இந்தப் பக்கம் திரும்பு. பெல் நின்னுருச்சு. பாக்கெட் பாக்கெட்டா தடவிக்கிட்டிருப்பார்.

என்ன? மறுபடி அடிக்குதா? ஆமா, இது எங்க பெல் இல்ல, உங்க வீட்டு பெல்தான். பதறாதே, உங்க வீட்டுக்கு யாரும் வரல. அவர்தான். எங்க வீடுன்னு நினைச்சு அடிக்கிறார்.

என் மேல கோபத்துல அங்க போயிட்டாரான்னு கேக்கறியா? கோபமெல்லாம் இல்லம்மா. என்னைப் பத்தி உன்கிட்டக் குறை சொல்லவும் போகல. போன வாரம் கீழ்வீட்டுக் கதவைத் தட்டிட்டு, மாடி மாறிப்போச்சுன்னு சிரிச்சுக்கிட்டே வந்தார். நானும் கூடச் சிரிச்சு வச்சேன்.

பிரஷர் பார்க்கலாம்னு சொல்லித்தான் டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனேன். அவரை வெளிய உட்கார வச்சுட்டு என்கிட்ட சொன்னாங்க. ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமா போயிடுமாம். பேரு, முகம் எல்லாம். கை பழகினது மட்டும் அவ்வளவு சீக்கிரம் போகாதாம், பழக்க வேண்டியதை இப்பவே பழக்கிடுங்கன்னாங்க. அதான் இந்தப் பிடிவாதம். பொண்ணுக்கே இன்னும் சொல்லல, உன்கிட்ட சொல்லிட்டேன் பாரு.

அட, நீ எதுக்கு அழற? அசையாதே, ஊசி குத்திடும்.

இறங்கு, போவோம். இல்ல, அவரை அப்படியே உள்ள விட மாட்டேன். நாமளும் வெளிய போய், கதவைப் பூட்டி, சாவிய அவர் கையில குடுத்து, எது நம்ம வீடுன்னு பார்த்து அவரையே திறக்க வைக்கணும். நீ ஒண்ணும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே. உன்னைப் பார்த்ததும் என்னைப் பத்திக் குறை சொல்லுவார், இவ சரியான ராட்சசிம்மான்னு. ஆமாம்னு தலையை ஆட்டு. பொண்டாட்டிக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்கார், அப்படியே நினைக்கட்டும். தனக்குத்தான் என்னமோ ஆயிட்டிருக்குன்னு தெரியறதுக்கு, அது எவ்வளவோ தேவலை.