வயிற்றுக்குள் குடிவந்தவர்கள்

— இன்னும் ரெண்டு ஸ்பூன் வைடா. மூணு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் சாதம் சாதமா ருசிக்குது.

— போதும்க்கா. டாக்டர் அளவாத்தான் குடுக்கச் சொல்லியிருக்கார்.

— அவர் என்ன சொல்றது, என் வயிறு சொல்லுது. ஒரு நாளைக்கு இருபது தடவை ஓடினவ நான். இந்தக் கட்டில்லேர்ந்து பாத்ரூம் கதவுக்குப் பதினோரு அடி. கண்ணை மூடிக்கிட்டே போவேன், சொல்லிட்டேன். நேத்து ஒரே ஒரு தடவை.

— சத்தியமா எனக்கு இப்பதான் மூச்சே வந்துது. பதினெட்டு கிலோ குறைஞ்சு, போர்வைக்குள்ள நீ எங்க இருக்கேன்னு தேட வேண்டியிருந்துது.

— எல்லாம் உன் புண்ணியம். நம்ம ரத்தம்டா அது. வெளியாளோடதா இருந்தா என் வயிறு ஏத்துக்கிட்டிருக்குமா?

— ரத்தமா ஏத்தினாங்க?

— சிரிக்காதே. இருபத்தாறு வருஷம் உணவு இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவ நான். கிருமிங்கற வார்த்தையைக் கேட்டாலே போய்க் கை கழுவிட்டு வர்ற ஆளு. கடைசியில இன்னொருத்தரோட... அதை எப்படிச் சொல்றது, வாயில வர மாட்டேங்குது.

— மலம்னு சொல்லுக்கா. டாக்டரே அப்படித்தான் சொல்றார்.

— சாப்பிடற நேரத்துல பேசற பேச்சா இது.

— ஆரம்பிச்சது யாரு?

— என்னம்மா, காலையிலேயே தம்பியோட மல்லுக்கட்டா?

— வாங்க டாக்டர். நீங்களே சொல்லுங்க, கிருமி நல்லதா கெட்டதா? வேலையில இருந்த காலமெல்லாம் கெட்டதுன்னு கடை கடையா நோட்டீஸ் ஒட்டினவ நான்.

— ரெண்டும்தான்ம்மா. உங்க குடல்ல கோடிக்கணக்குல பாக்டீரியா குடித்தனம் இருக்கு, புரியுதுங்களா. முக்கால்வாசி சாதுங்க. சாப்பாடு செரிக்க ஒத்தாசை பண்ணும், ரவுடிங்களை வாலாட்ட விடாது. நீங்க நெஞ்சுச் சளிக்கு ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸ் முடிச்சீங்க. பத்தலைன்னு நீங்களே இன்னொரு கோர்ஸ் போட்டீங்க. சளியோட சேர்ந்து சாதுங்களும் காலி. வீடு வெறிச்சோடிக் கிடந்ததும் ஒரு ரவுடி உள்ள பூந்து தாழ்ப்பாள் போட்டுக்கிட்டான்.

— அவன் எங்கேர்ந்து டாக்டர் வந்தான்?

— முன்னாடியே ஒரு மூலையில இருந்திருக்கலாம். அக்கம்பக்கத்துல ஆள் இருந்தவரைக்கும் அடங்கிக் கிடந்திருப்பான். அவனை மருந்தால மூணு தடவை விரட்டினோம், மூணு தடவையும் திரும்பி வந்தான். அதனாலதான் ஆரோக்கியமான ஒருத்தர் மலத்தைச் சுத்திகரிச்சு, அதுல இருந்த சாதுங்க ஊரையே கூட்டிட்டு வந்து உங்க குடலுக்குள்ள குடிவச்சோம், புரியுதுங்களா.

— புரியுது. அந்த ஆரோக்கியமான ஆளு இதோ, ஸ்பூனும் கையுமா நிக்கிறான்.

— யாருன்னு நான் சொல்லக் கூடாதும்மா. குடுத்தவர் பேரைக் கேக்க மாட்டேன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க.

— நான் கேக்கலையே. தெரியும்னுதானே சொன்னேன்.

— சரி, இங்க அமுக்கினா வலிக்குதா? இல்லையா? நல்லது. நாளை மறுநாள் வீட்டுக்குக் கிளம்பலாம். அந்த சானிடைசர் பாட்டிலைத் தூக்கி ஓரமா வைங்க. உங்க ரவுடி அதுக்கெல்லாம் அசைய மாட்டான், சோப்பும் தண்ணியும்தான். வரேன்மா.

— நழுவிட்டார், பாத்தியா. நல்ல மனுஷன். ஏண்டா, உன் மூஞ்சி ஏன் இப்படிச் சுருங்கிக் கிடக்கு?

— ஒண்ணுமில்லக்கா.

— உன் பொண்டாட்டி ஏதாவது சொன்னாளா? நீ இங்கேயே கெடையா கெடக்கறேன்னு? அவளுக்குத்தான் என்னைக் கண்டாலே ஆகாதே. நாலு வருஷமா என் வாசப்படி மிதிக்கல.

— எப்படிக்கா மிதிப்பா. அவ ஸ்கூல்ல நடத்தின கேன்டீனுக்குச் சீல் வச்சது நீ.

— அது என் வேலை. அதுல அக்கா தம்பியெல்லாம் பாக்க முடியுமா?

— சரி, விடு. நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சத்தியமா சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீ ரத்தம் ரத்தம்னு சொல்லச் சொல்ல எனக்குத் தாங்கல. டெஸ்ட்ல நான் ஃபெயிலு.

— என்ன டெஸ்ட்?

— குடுக்கறவங்களுக்கு முதல்ல எடுப்பாங்கல்ல, அது. போன மாசம் பல்வலிக்கு நானா மருந்துக் கடையில கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டேன். அதுலேயே என்னை வேண்டாம்னுட்டாங்க.

— அப்ப எனக்குள்ள இருக்கிறது யாருதுடா?

— அவளோடது.

— எவளோடது?

— என் பொண்டாட்டியோடது. அத்தனை டெஸ்டும் பாஸ். இவ்வளவு நல்ல சாம்பிள் இந்த வருஷம் வரலைன்னு லேப்ல இருக்கிற பொண்ணு சொல்லுச்சாம். காலையில ஆறு மணிக்கு வந்து குடுத்துட்டு, கீழேயே பஸ் ஏறிப் போயிட்டா. மேல வரல. என்னக்கா, தட்டைத் தள்ளி வைக்கற. குமட்டுதா?

— இல்ல. கொஞ்சம் தண்ணி குடு.

— மெதுவாக் குடி.

— அவ ஏண்டா ஒத்துக்கிட்டா? அவ இடத்துல நான் இருந்தா மாட்டேன்னிருப்பேன்.

— நானும் அதைத்தான் கேட்டேன். 'உங்க அக்கா மேல என்ன தப்பு? என் கிச்சன்ல குறை இருந்துது, பூட்டினாங்க'ன்னா. உன் ரிப்போர்ட்டோட காப்பியை இன்னும் அலமாரியில வச்சிருக்கா. கரப்பான், எலிப் புழுக்கை, கெட்டுப்போன எண்ணெய்னு வரிசையாப் போட்டிருந்தியே. 'இதெல்லாம் என் கண்ணுல எப்படிப் படாம போச்சு, எத்தனை பிள்ளைங்களுக்கு இதுல சமைச்சுப் போட்டேனோ'ன்னு எடுத்து எடுத்துப் படிப்பா. அதுக்கப்புறம் சொந்தமா அடுப்பு வைக்கவே பயம். வேற ஒருத்தர் கிச்சன்லதான் வேலைக்குப் போறா. அங்கேயும் ஒரே பாத்திரத்தை மூணு தடவை தேய்க்கறான்னு கேலி பண்றாங்களாம்.

— அவளை இங்க வரச் சொல்லு.

— நன்றி சொல்லணுமா? போன் போட்டுத் தரேன், பேசிடு.

— போன்ல சொல்ற விஷயம் இல்லடா. நீ என்னை ஒரு வார்த்தை கேக்காம அவளைக் கட்டிக்கிட்டு வந்து நின்னியே, அப்ப எனக்கு எவ்வளவு ஆத்திரம் தெரியுமா?

— அது போன கதைக்கா. இப்ப எதுக்கு அது?

— இப்பதான் அது. அவ கிச்சன்ல கரப்பானும் இல்ல, எலியும் இல்ல. அந்த ரிப்போர்ட்டை நான் ஆபீஸ்லயே உக்காந்து எழுதி முடிச்சுட்டுத்தான்டா சீல் வைக்கக் கிளம்பினேன்.