நின்னுபோன ஸ்கிரீன்

இல்ல பாய், டீ வேண்டாம். ஜனாபாவ இப்பம் கூப்பிடாதீங்க, பைய வரட்டும். ஆமா, அவகூட வேல பாக்குத சிவசண்முகம்தான். இந்தப் பையில அவ மேசைல கெடந்த சாமான் இருக்கு.

என்ன நடந்துச்சுன்னு அவ சொல்லலையா? சரி, நான் சொல்லுதேன்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ்மில். நெல்லு காயவைக்குத மிஷின்ல சூடு எவ்வளவுன்னு கம்ப்யூட்டர்ல தெரியணும்னாவ. பிரவுசர்ல ஒரு பக்கம் தொறந்து வச்சா செகண்டுக்கு ஒருக்கா சூடு மாறுதது தெரியும். எங்க ஆபீஸ்லதான் செஞ்சு குடுத்தோம். அதுல மெமரி லீக் இருந்துச்சு. பேருதான் லீக்கு, ஒழுகாது பாய், நெறயும். ஆளு ஸ்கிரீன்ல வேற பக்கம் போயிட்டுத் திரும்பி வரும்போதெல்லாம் புதுசா ஒரு டைமர் ஓடும், பழசும் நிக்காது. நிறுத்துததுக்கு ஒரு வரி எழுதணும். எழுதல. தொறந்து மூடுத பக்கம்னா ஒண்ணும் தெரியாது. மில்லுல அறுவட சமயம் நாள்கணக்கா தொறந்தே கெடக்கும்லா, மூணாம் நாளு தெணறிரும்.

கண்டுபிடிச்சதே ஒங்க பிள்ளதான். மெமரி எங்கன ஏறுதுன்னு ரெண்டு தடவ கணக்கு எடுத்து ஒப்பிட்டுக் காட்டுனா. மில்லுல தெனம் காலைல ஒருக்கா ரீலோட் பண்ணச் சொன்னாப் போதும், அறுவட முடியட்டும்னேன் நான். சரிபண்ண அர நாளு வேலதான் பாய் அது.

ரெண்டு நாளு சேந்தாப்ல அங்க மறந்துட்டாவ. ஸ்கிரீன் நின்னுட்டு. நாப்பத்திரெண்டுன்னே காட்டிக்கிட்டு இருக்கு, உள்ள சூடு எங்கயோ ஏறிப் போயிட்டு. அரைச்சா பூரா நொய்யி. சீவலப்பேரி பெருமாள்ராஜ் அண்ணாச்சி நெல்லு அது. ஆபீஸுக்கே வந்து ஒரு கை நொய்ய எடுத்துக் காட்டுனாரு. சத்தம்கூடப் போடல.

யாரு எழுதுனதுன்னு மேனேஜர் தேடுனா, ஜனாபா பேருதான் இருந்துச்சு. அது எழுதுன அன்னைக்கு லீவுல இருந்தேன்னு அவ சொன்னா. ஆமா, அந்தக் காயல்பட்டணம் கல்யாணம்தான். யாரும் நம்பல. வேலைக்கு வரவேண்டாம்னுட்டாவ.

இன்னைக்குக் காலைல நான் மேனேஜருக்கு எழுதிக் குடுத்துட்டேன், அவ மேல தப்பு இல்லன்னு. திங்கக்கெழம அவள வரச் சொல்லுதாவ. ஐயோ, கையெல்லாம் பிடிக்காதீங்க பாய். அவளுக்காகப் பேசுனேன்னு நெனைக்காதீங்க. என்னயப் பத்தி வீட்டுல அப்படியா சொல்லிருக்கா? நல்ல மனுசன்னா?

அன்னைக்கு என் சிஸ்டம் ரிப்பேரு. அவ சிஸ்டத்துல உக்காந்துதான் அத எழுதுனேன், அவ பேருலயே ஏறிட்டு. மேனேஜர் விசாரிச்சப்ப அவ என்னயத்தான் பாத்தா. சொல்லுங்க அண்ணான்னா. லீவுன்னாலும் அவ வீட்டுல இருந்து எழுதியிருப்பான்னு சொல்லிட்டேன் பாய்.