பைகளைத் தூக்கி வந்தவள்

"ஹலோ... அக்கா? ... கேக்குது, கேக்குது. சொல்லு. ... வீட்ல இல்ல, அச்சகத்துல நிக்கிறேன். மிஷின் சத்தம்தான் அது. இரு, வெளிய வர்றேன்."

கையெழுத்துப் போடவேண்டிய தாள்களை மேசைமேல் அப்படியே விட்டுவிட்டு, அவள் நடைக்கு வந்து கதவைச் சாத்தினாள். மிஷின்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஐந்து நிமிடம் என்று விரல்களை விரித்துக் காட்டினாள். அவள் கையெழுத்து விழுந்தால்தான் புத்தகம் அச்சேறும். நூற்று நாற்பது பக்கம், மூன்று வருட உழைப்பு. ரத்தம் உறையாத நோயோடு பிறந்த தம்பியோடு வளர்ந்த கதையைப் படக்கதையாக அவளே எழுதி, அவளே வரைந்திருந்தாள்.

இந்த போன் வரும் என்று நேற்றிலிருந்தே அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். அச்சுக்கு முந்தைய பிரதியைத் தம்பிக்குக் கொடுத்திருந்தாள். படித்து முடித்துவிட்டு அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: இதில் அக்கா எங்கே என்று. அவள் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி நழுவிவிட்டாள். அவன் நேராகப் போய்ப் பிரதியை அக்காவிடம் கொடுத்துவிட்டான். அம்மா இருப்பதும் அக்கா வீட்டில்தான்.

"படிச்சியா? ... முழுசுமா? ... ம். ... அம்மா பாத்தாங்களா? ... இன்னும் இல்லியா. சரி, சரி. ... நானே கூப்பிடணும்னுதான்க்கா இருந்தேன். ... நிஜமா. காலையிலேர்ந்து போனைக் கையில வெச்சுக்கிட்டு... ம். நீயே சொல்லு. என்ன சொல்லணுமோ சொல்லிடு."

திட்டு வாங்கத் தயாராக அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர். தம்பிக்கு அடி எதுவும் படாமலே முட்டிக்குள் ரத்தம் கசிந்து வீங்கிவிடும். அந்த நாள்களில் அவனை முதுகில் சுமந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது அக்கா. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஐந்து வருடம். புத்தகத்தில் அக்காவே கிடையாது. அங்கே பிள்ளைகள் இரண்டே பேர். தம்பியைச் சுமப்பவள் சின்னவள். சுமக்கிற வயசு வேண்டுமே என்று தன் வயதில் நாலைந்தைக் கூட்டியும் போட்டிருந்தாள்.

"பதினோராம் பக்கமா? ... ஆமா, முதுகுல தூக்கிட்டுப் போறது. ... ஆமாக்கா. அது நீதான். ... எனக்குத் தெரியாம இருக்குமா? ... பதிப்பகத்துக்காரர்தான் சொன்னார். மூணு பிள்ளைங்க இருந்தா படிக்கிறவங்க குழம்புவாங்க, ரெண்டு போதும்னார். ... ம். அவர் சொன்னது நிஜந்தான். ... ஆனா யாரை எடுத்துடணும்னு அவர் சொல்லல."

அதைச் சொல்லும்போதே அவளுக்குக் காது மடல் சுட்டது.

"அப்ப எனக்கு ஒன்பது வயசு. நான் என்ன செஞ்சேன், சொல்லு. உங்க ரெண்டு பேர் பின்னாடி மூணு பையையும் தூக்கிட்டு வந்தேன். அதை வரைஞ்சா யாரு படிப்பா? ... சிரிக்காதக்கா. ... திட்டிடேன். ... ஏன், ஏன் திட்ட மாட்டேங்கிற?"

அக்காவின் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. அவள் போனைக் காதோடு வைத்து அழுத்தினாள்.

"என்ன? ... கொஞ்சம் சத்தமா. ... எண்பத்திரண்டாம் பக்கம். ... ஆமா, பள்ளிக்கூடத்துப் படிக்கட்டு. ... ம். ... ம்."

அந்தப் பக்கத்தில் மாடிப்படியின் உச்சியில் வகுப்புப் பிள்ளைகள் கூடி நின்று சிரிக்கிறார்கள். தம்பியைச் சுமந்து ஏறிவருகிற சின்னவள் வெட்கம் தாங்காமல் அவனை முதுகிலிருந்து அவசரமாகச் சரியவிடுகிறாள். அவன் ஆறு படி உருண்டு விழுகிறான்.

நிஜத்தில் சரியவிட்டவள் பதினாலு வயது அக்கா. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. அதன்பின் அந்தக் கால் நேராக நீளவே இல்லை. சொன்ன பேச்சைக் கேட்காமல் அவன் தானாக இறங்கப் பார்த்தான் என்று வீட்டில் பிள்ளைகள் மூன்று பேரும் ஒரே பொய்யைச் சொன்னார்கள். கட்டிலில் கிடந்தவனைத்தான் அப்பா திட்டித் தீர்த்தார். அவன் வாயைத் திறக்கவில்லை. அப்பா அதை நம்பியபடியே போய்ச் சேர்ந்தார். அம்மா இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

"எதுக்கு தேங்க்ஸ்? ... அக்கா, அழறியா? ... பழியை நானா? உனக்காகவா? ... ம். ... ஆ... ஆமா. ஆமாக்கா. விடு, இதுல என்ன இருக்கு."

சொல்லிவிட்டாள். அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. அக்கா நேற்று ராத்திரியிலிருந்து தங்கைக்குத் தன்மேல் இவ்வளவு பாசமா என்று உருகிக்கொண்டிருந்திருக்கிறாள். இனி உள்ளே போய்க் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. ஆனால் அக்கா நன்றி சொல்வதை நிறுத்துவதாக இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் இவள் உடம்பு கூசிற்று.

"அக்கா, இரு. கொஞ்சம் இரு. நான் இப்ப ஆமான்னு சொன்னது பொய். ... பொய்க்கா. உனக்காக நான் எதையும் ஏத்துக்கல. ... நீ தூக்கிட்டுப் போனதை நான் எடுத்துக்கிட்டேன், அதோட இதுவும் சேந்து வந்துச்சு. ... இல்ல, சும்மா சொல்லல. அந்தப் பக்கம் வரையும்போது உன் நெனப்பே எனக்கு வரல. எந்த நிறம் போட்டா படிக்கிறவங்க அழுவாங்கன்னு ரெண்டு தடவை மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். நல்லா வந்திருக்குன்னு சந்தோஷப்பட்டேன். ... அவ்வளவுதான் நடந்துச்சு."

மிஷின்காரர் கண்ணாடியைத் தட்டினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"லைன்ல இருக்கியா? ... ம். ... ம். தகும்க்கா, எனக்கு இது தகும். ... வரையறேன். அச்சை இன்னிக்கே நிறுத்திடறேன். தள்ளிப் போனா போகட்டும். ... தூக்கிட்டுப் போற பக்கமெல்லாம் நீதான் இருப்ப. படிக்கட்டுல மட்டும் யாரு முகமும் தெரியாம... ஏன்? ... அதுலயும் உன் முகமேவா? ... யோசிச்சுச் சொல்லுக்கா. புத்தகத்தை அம்மா படிப்பாங்க. ... ம். ... அம்மாகிட்ட இப்பவே சொல்லப்போறியா? ... வேணாம், நான் வந்துடறேன், ரெண்டு பேரும் சேந்து... ... நீயேவா. ... சரி. சரிக்கா."

அக்கா போனை வைக்கவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே நடப்பது கேட்டது. ஒரு கதவு திறந்தது. தொலைக்காட்சிச் சத்தம் அடங்கியது. நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போடுவதுபோல் ஒரு சத்தம்.

"அக்கா, கேக்குதா? அன்னிக்கு நானும் கூட நின்னு பொய் சொன்னேன். அதையும் அம்மாகிட்ட சொல்லு. என்னை விட்டுட்டுச் சொல்லாத... அக்கா?"

இணைப்பு அறுந்துபோயிருந்தது.