நூற்றுப்பதினெட்டு நாள்

கோப்பையை அந்தத் தாளின் மேல் மட்டும் வைக்காதீர்கள், மேடம். அது ஒரு விண்ணப்பப் படிவம். டீக்கறை பட்டால் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மறுபடியும் முதலிலிருந்து நிரப்ப வேண்டும். இப்படித் தள்ளி வையுங்கள். போதும்.

கம்பெனிப் பத்திரிகைக்காக என்னைப் பற்றி எழுத வந்திருக்கிறீர்கள். ‘சொந்தத் தங்கையின் சிகிச்சைச் செலவைப் பதினோரே நாளில் வாங்கிக் கொடுத்த முகவர்’ என்று தலைப்பைக்கூட யோசித்துவிட்டதாகச் சொன்னீர்கள். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக இன்ஷூரன்ஸ் பாலிசி எழுதுகிறேன். நான் எழுதிக் கொடுத்ததில் பணம் வராமல் போனது என்று ஒன்றுகூடக் கிடையாது. படம் எடுப்பதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எதைப் போடுவது, எதை விடுவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எனக்கும் தங்கைக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது. அப்பாவுக்கு ஷிப்ட் வேலை. அவளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்குத் தலை பின்னத் தெரியாது. மூன்று கயிறுகளை ஜன்னல் கம்பியில் கட்டி வைத்துப் பழகினேன். அப்படியும் ஒரு பின்னல் காதுக்கு மேலேயும் இன்னொன்று கழுத்துக்குக் கீழேயும் நிற்கும். யாராவது சிரித்தால், “எங்க அண்ணன் பின்னிவிட்டது, இதுதான் ஃபேஷன்” என்பாளாம். என்னை விட்டுக்கொடுத்து அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வளர்ந்து, துணிகளை அளவு திருத்திக் கொடுக்கிற கடை வைத்தாள். ஒரே ஒரு அறை. இரண்டு தையல் மெஷின், ஆளுயரக் கண்ணாடி, கழுத்தில் எப்போதும் ஒரு டேப். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். அவள் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஒரு கால்புள்ளி இடம் மாறி இருந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் என்று எதையும் விடாமல் படிப்பவர், நான் கொடுத்த பாலிசியை மட்டும் பிரித்துப் பார்த்ததில்லை. “மச்சான் குடுத்தது. அதுல என்ன பார்க்க இருக்கு?” என்பார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், உங்கள் கம்பெனி ஒரு போட்டி வைத்தது. ஐம்பது புது பாலிசி எழுதுகிறவர்களுக்குக் கேடயம். அதோ, அலமாரியின் நடுத்தட்டில் இருப்பது. கடைசி வாரத்தில் என் கையில் நாற்பத்தொன்பது இருந்தது. அந்த வாரம்தான் தங்கையின் பாலிசியைப் புதுப்பிக்க வேண்டிய வாரம். புதுப்பித்தால் போட்டியில் சேராது. பழையதைக் காலாவதியாக விட்டுப் புதிதாக ஒன்று எழுதினால் சேரும். “பழசை விட இது நல்ல திட்டம்மா” என்றேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். கையில் இருந்த பாவாடையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

ஒரு வித்தியாசத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. பழைய பாலிசிக்கு ஏழு வயது ஆகியிருந்தது. எந்த நோய் வந்தாலும் முதல் நாளே பணம் கிடைக்கும். புதியதற்கு ஆறு மாதம் காத்திருப்புக் காலம். அதற்குள் பெரிய நோயின் அறிகுறி தெரிந்தால் ஒன்றும் கிடைக்காது. முப்பத்தெட்டு வயதுப் பெண், கல்லைத் தின்றாலும் செரிக்கும் உடம்பு. ஆறு மாதத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு பிற்பகல் கடைக்குள் போனபோது கதவைச் சாத்தச் சொன்னாள்.

“அண்ணா, எனக்கு ஒரு சட்டை தைச்சேன். இடது பக்கம் மட்டும் சரியா உக்கார மாட்டேங்குது. டேப் வெச்சுப் பார்த்தா அளவு மாறுது. தொட்டுப் பார்த்தா உள்ள கட்டி மாதிரி இருக்கு.”

“வலிக்குதா?”

“இல்ல. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு இருக்கேன். அவர்கிட்ட இன்னும் சொல்லல. பயந்துடுவார்.”

மெஷின் பக்கத்துச் சுவரில் என் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. புத்தாண்டுக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்போமே, அதுதான். மேலே நான் சிரிக்கிற படம், கீழே என் போன் நம்பர். அதைப் பார்த்து எண்ணினேன். ஆறு மாதம் முடிய இன்னும் நூற்றுப்பதினெட்டு நாள் இருந்தது.

“இப்ப போனா ரெக்கார்டுல ஏறிடும்மா. பாலிசியில ஒரு காசு வராது. கடையை வித்துத்தான் வைத்தியம் பார்க்கணும். கொஞ்சம் பொறு. நூத்திப்பதினெட்டே நாள். யாருகிட்டயும் சொல்லாத, அவர்கிட்டயும்தான். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவள் கொஞ்ச நேரம் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, “நீ சொன்னா சரிதான்” என்றாள்.

பெண்களுக்கு வருகிற கட்டிகளில் முக்கால்வாசி ஒன்றுமில்லாதவை என்று எங்கேயோ படித்திருந்தேன். அதை நம்பினேன். அன்றிலிருந்து தினமும் போன் செய்தேன். எந்த அண்ணன் தினமும் போன் செய்கிறான், சொல்லுங்கள்.

நாற்பது நாள் பாக்கி இருந்தபோது அவளே கூப்பிட்டாள். “அண்ணா, கொஞ்சம் முன்னாடியே போயிடலாமா? கை தூக்க முடியல. கத்தரிக்கோல் பிடிக்க வரல.” பாதிக் கிணற்றுக்கு மேல் தாண்டியாகிவிட்டது, இனி நடுவில் நின்றால் மொத்தமும் வீண் என்று எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். என் தொழிலில் இப்படிப் பேசத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நூற்றுப்பத்தொன்பதாவது நாள் காலையில் நானே காரில் அழைத்துப் போனேன். ‘எப்போதிலிருந்து இருக்கிறது’ என்று டாக்டர் கேட்டால், இன்று காலையில்தான் கைக்குத் தட்டுப்பட்டது என்று சொல்லச் சொன்னேன்.

“பொய் சொல்லச் சொல்றியா?”

“பொய் இல்லம்மா. கேட்டாங்கன்னா ஒரு பதில்.”

அவள் சொன்னதை டாக்டர் எழுதிக்கொண்டார். பரிசோதனையெல்லாம் முடிந்த பிறகு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். “ஒரே நாள்ல இவ்வளவு பரவாது. எப்படிக் கவனிக்காம விட்டாங்க? நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா சின்ன ஆபரேஷன். வீட்டுக்குப் போயிருப்பாங்க” என்றார். அந்த இடத்தில் என் நெஞ்சு வெடித்துவிட்டது, மேடம். இது வார்த்தைக்குச் சொல்வதில்லை. ஆனாலும் வெளியே வந்து, பணம் கட்டாமலே சேர்த்துக்கொள்வார்களா என்று கவுன்ட்டரில் விசாரித்தேன். சேர்த்துக்கொண்டார்கள்.

எட்டு மாதம் இருந்தாள். மருந்தில் முடியெல்லாம் கொட்டிவிட்டது. ஒரு நாள் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, “உனக்குப் பின்னுற வேலை மிச்சம் அண்ணா” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அழுதிருக்க வேண்டும். கடைசிவரைக்கும் அவள் அந்த நாட்களைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. நான் சொல்லாதே என்று சொல்லியிருந்தேன் அல்லவா.

எல்லாம் முடிந்து திரும்பிய அன்று மாப்பிள்ளை என் தோளில் சாய்ந்து அழுதார். “பக்கத்துலயே இருந்தேன் மச்சான். ஒரு புள்ளி விட்டுப்போனாக்கூடக் கண்டுபிடிக்கிறவன். இது என் கண்ணுல படலையே. நான்தானே கொன்னுட்டேன்.” நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்து, “விதி, மாப்பிள்ளை” என்றேன். இன்னும் அவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது அச்சகத்தில் பிழைகளை விட்டுவிடுகிறாராம்.

கடையைக் காலி செய்தபோது அந்தக் காலண்டரை நான்தான் கழற்றினேன். ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால் ஒரு எண் எழுதியிருந்தாள். 118, 117, 116. அறுபத்தொன்றுக்குப் பக்கத்தில் ‘வலி’ என்று இருந்தது. அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக ‘வலி’. நாற்பதுக்குப் பிறகு எண் மட்டும்தான். தினமும் எழுத வேண்டியிருக்குமே என்று விட்டுவிட்டாள் போலிருக்கிறது. ஒவ்வொரு மாதத்துக்கு மேலேயும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவள் கடை விற்கப்படக் கூடாது என்பதற்காகத்தான் காத்திருக்கச் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மை இல்லை. வைத்தியத்துக்கு வேண்டியது என்னிடமே இருந்தது. அவள் அன்றைக்கே போயிருந்தால், பணம் கிடையாது என்று உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கும். பழைய பாலிசி காலாவதியாகிவிட்டது, புதியதற்கு இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை என்று காரணமும் எழுதியிருப்பார்கள். அந்தக் கடிதத்தை மாப்பிள்ளை எழுத்தெழுத்தாகப் படித்திருப்பார். என் தங்கையும் படித்திருப்பாள். அந்த ஒரு கடிதம் அந்த வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்றுதான் அவளை நிறுத்தி வைத்தேன். கேடயத்துக்காக ஆரம்பித்தது, என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்வதில் முடிந்தது. எழுதிக்கொள்ளுங்கள்.

படம் அந்த ஜன்னல் பக்கம் எடுத்தால் வெளிச்சம் நன்றாக இருக்கும். கிளம்பும்போது ஒரு சின்ன உதவி. இந்தப் படிவத்தை அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். மருமகளுடையது, தங்கையின் ஒரே பெண். இருபது வயதாகிறது. நேற்று வந்திருந்தாள். குடும்பத்தில் யாருக்காவது பெரிய நோய் இருந்ததா என்ற கேள்வியில் பேனாவை நிறுத்திக்கொண்டு, “அம்மாவுக்கு இருந்ததை எழுதணுமா மாமா?” என்று கேட்டாள். வேண்டாம், எழுதினால் நூறு கேள்வி கேட்பார்கள் என்று நானே ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

“டாக்டர் என்னையும் ஒரு தடவை பரிசோதனை பண்ணிப் பார்த்துக்கச் சொன்னார் மாமா.”

“பண்ணிக்கலாம்மா. பாலிசி வந்து ஆறு மாசம் போகட்டும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

சரி என்று தலையாட்டினாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை, மேடம். அப்படியே அவள் அம்மாதான்.