சம்பந்தி பிரசிடெண்டுக்கு நிற்கிறார்

— இந்தாமே ஆசெலு, நாளைக்கு நம்ம கழனியில நடவு. நீ இன்னாமே, டில்லிக்குப் பொட்டி கட்டிக்கினு கீற?

— போயிட்டு ஓடியாந்துடுவேன், அத்தே. நீங்க ஒரு அதட்டு போட்டா ஆளுங்க மத்தியானத்துக்குள்ள நட்டுடுவாங்க. எங்க நாட்டு எலெக்‌ஷன். டில்லி தூதரகத்துலதான் ஓட்டு போட முடியும்.

— தெரியும், தெரியும். உங்கப்பா பிரசிடெண்டுக்கு நிக்கறாருன்னு திருப்பாச்சூரு பூரா சொல்லிட்டேன். பஞ்சாயத்து பிரசிடெண்டான்னு கேக்கறாளுங்க. போடி, என் சம்பந்தி ஒரு நாட்டுக்கே நிக்கறாருன்னேன்.

— எல்லார்கிட்டயுமா சொன்னீங்க?

— பின்ன? உங்க நாட்டுக்கு டாக்டருக்குப் படிக்கப் போன என் புள்ள உன்னக் கட்டிக்கினு வந்தப்போ இன்னா பேச்சு பேசினாளுங்க. இப்போ வாய மூடிக்கினு கீறாளுங்க. ஜெயிச்சுடுவாரு இல்ல?

— மாட்டாரு, அத்தே.

— இன்னா ஆசெலு, பொசுக்குன்னு சொல்லிட்ட?

— ரஷ்யாவ விட்டுப் பிரிஞ்ச நாள்லேருந்து எங்களுக்கு ஒரே ஆளுதான் பிரசிடெண்டு. இந்த வாட்டிதான் அவர எதுத்து நல்ல மனுசன் ஒருத்தரு நிக்கறாரு. எர்கின்னு பேரு.

— அது உங்கப்பா பேராச்சே.

— அதான். ஜனம் கொழம்பட்டும்னு பிரசிடெண்டு ஆளுங்க அதே பேருல எங்கப்பாவ நிறுத்திட்டாங்க. எங்கப்பா காலேஜு வாத்தியாரு, அத்தே. அரசியல் பக்கமே போனதில்ல.

— அடப்பாவிங்களா. எனக்கும் இதேதான் பண்ணானுங்க. நான் பஞ்சாயத்துக்கு நின்னப்போ எங்கேருந்தோ இன்னொரு செங்கம்மாள இழுத்தாந்து நிறுத்தி என்னக் கவுத்துட்டானுங்க. அவ எதுக்க வந்தா நான் இன்னிக்கும் அந்தாண்ட திரும்பிக்குவேன்.

— எங்கப்பா வந்தாலும் திரும்பிக்குவீங்களா?

— அவரு ஏன்மே ஒத்துக்கினாரு?

— மாட்டேன்னா வேல போயிடும். தம்பியும் கவர்மெண்டு வேலையிலதான் இருக்கான்.

— அப்போ நீ யாருக்குப் போடப் போற?

— அந்த எர்கினுக்குத்தான். டில்லியில எங்க ஊரு பசங்க நிறைய பேரு படிக்கறாங்க. எங்கப்பா யாரு, அவரு யாருன்னு ஒவ்வொருத்தனுக்கும் சொல்லிட்டுத்தான் வருவேன்.

— பெத்த பொண்ணே கவுத்தான்னு தெரிஞ்சா அந்த மனுசன் மனசு ஒடிஞ்சிடாதா, கண்ணு?

— டில்லிக்கு டிக்கெட் எடுத்து அனுப்பினதே அவருதான், அத்தே.