தாம்போதியின் வெள்ளைக் கற்கள்

சைக்கிளுக்கு ஏற்ற பாதை எது என்று கேட்டால், செம்மண்ணில் சரளை கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்த பாதை என்றுதான் சொல்வேன், ஐயா. தார் வெயிலில் இளகிவிடும். செருப்பில்லாமல் நடக்கிறவனுக்குக் கால் கொப்பளித்துப் போகும்.

நான் கொத்தமங்கலம் உடையப்பன், விவசாயி. சுற்றுக் கிராமங்களைக் காரைக்குடியோடு நடைபாதையாலும் சைக்கிள் பாதையாலும் இணைக்கிற கமிட்டிக்கு அறுபத்தைந்தாம் வருஷத்திலிருந்து நான்தான் தலைவன். மாட்டுவண்டியை ஓட்டி எவனாவது பாதையைக் கெடுத்தால் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போவேன். "ஒங்களுக்குப் பாதைதான் மூத்த பிள்ள" என்று என் மனைவி அக்கம்மாள் கேலி செய்வாள். இளைய பிள்ளை கல்யாணசுந்தரி, எங்களுக்கு ஒரே மகள். சைக்கிளில் காரைக்குடி போய் டைப்ரைட்டிங் கற்ற முதல் பெண் எங்கள் ஊரில் அவள்தான்.

பாதை கடந்துபோகிற கண்மாய்த் தாம்போதி ஒன்றுதான் இடைஞ்சலாகக் கிடந்தது. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அந்தத் தாழ்ந்த கல்தளத்தின் மேலேறிப் போகும். தளம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் இருபுறமும் கல் நட்டு, ஐப்பசி பிறக்குமுன் நானே சுண்ணாம்பு அடிப்பேன். வெள்ளைக் கல்லுக்கு நடுவில் போனால் கரை சேரலாம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கல்லைத் தாண்டினால் தண்ணீர் அரித்த பள்ளம், ஆள் முழுகும்.

பாலம் கேட்டு நடையாய் நடந்தேன். "அங்குட்டு உசுரு ஏதும் போயிருக்கா? போகாம எப்படிய்யா மேல எழுதுறது?" என்று கடைசியில் ஓர் அதிகாரி கேட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. யோசித்துப் பார்த்ததில் நியாயமாகத்தான் பட்டது.

எழுபத்திரண்டு ஐப்பசியில், கண்மாய் நிறையப் போகிற ஒரு சாயங்காலம், கடப்பாரையோடு போனேன். கற்களைப் பிடுங்கிப் பள்ளத்துப் பக்கம் தள்ளி நட்டேன். மறுநாள் சந்தை. வெளியூர்க்காரன் எவனாவது வருவான், ஊருக்காக ஓர் உயிர் போகட்டும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து, "நாளைக்குத் தண்ணி கூட வரும், கிளாசுக்குப் போகாத தாயி" என்று மகளிடம் சொன்னேன். தலையாட்டினாள்.

பரீட்சை நெருங்கியிருந்ததாம். நான் வயலுக்குப் போனபின் கிளம்பியிருக்கிறாள். தடுத்த தாயிடம், "அப்பா நட்ட கல்லு இருக்கையில எனக்கு என்னம்மா பயம்?" என்றாளாம்.

முதலில் சைக்கிளைத்தான் எடுத்தார்கள். அவளை எடுத்தபோது விரலில் டைப் ரிப்பன் மை அழியாமல் இருந்தது. அந்த விரலைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே கிடந்தேன். அன்றைக்கே என் நெஞ்சு வெடித்திருக்க வேண்டும், வெடிக்கவில்லை. வெள்ளம்தான் கற்களை நகர்த்திவிட்டது என்று ஊர் நம்பியது. நானும் தலையாட்டினேன்.

பாலம் வந்துவிட்டது. நாளைக்குத் திறப்பு விழா. மகளைக் கொடுத்து ஊருக்கு வழி வாங்கியவர் என்று எனக்கு மாலை போடப் போகிறார்கள். "அந்த மாலையக் கொண்டாந்து அவ படத்துக்குப் போட்ருங்க" என்றாள் அக்கம்மாள். அது என்னால் ஆகாது. அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

கல்லை மாற்றி நட்டது நான்தான், ஐயா. ஆனால் நான் சாகடிக்க நினைத்தது வேறு யாரையோ. அதை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.