வாரத்துக்கு ஒன்பது நாள்

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகும் இரவு லோக்கல். எதிர் சீட்டில் கட்டட வேலை முடித்து வந்த இரண்டு பேர்: கையில் சிமெண்ட் காய்ந்துபோன ஒரு கொத்தனார், சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்ட ஒரு சித்தாள்.

"போன வாரம் எனக்கு ஒம்போது நாள் வேலைமா" என்றார் கொத்தனார்.

நான் பேப்பரை இறக்கினேன். சித்தாள் அசரவில்லை.

"எனக்கு எட்டரைதாண்ணா. செவ்வாகெழம கொயந்திக்கு ஜொரம்னு சீக்கிரமா ஊட்டுக்குப் போய்ட்டேன்."

"யாரு எத்தினி நாள் வேல செய்றாங்கன்னு கணக்கெடுக்க ஒரு பொண்ணு வந்துச்சே, அதாண்ட இத்த சொன்னேன். வாரத்துக்கு ஏழு நாள்தானேன்னு முழிக்குது."

"நீ இன்னா சொன்னே?"

"எட்டு மணி நேரம் ஒரு நாளு. மேல நாலு மணி நேரம் நின்னா அரை நாளு. கான்கிரீட்ட பாதில வுட்டுட்டு வர முடியாது, அதனால தெனம் ஒன்றரை. ஆறு நாளுக்கு ஒம்போதுன்னேன். அது போன்ல பெருக்கிப் பாத்துட்டு, எழுவத்திரண்டு மணி நேரம்னுச்சு."

"அவ்ளோவா?"

"அதாம்மா பேஜாரு. ஒம்போது நாளும் ஒண்ணும் வலிக்கல. மணில சொன்னவுடனே இடுப்பு புடிச்சிக்கிச்சு."

பொன்னேரி வந்தது. இருவரும் எழுந்தார்கள்.

"நாளிக்கு வரியாண்ணா? ஒன்றரை நாள் வேலையாம்."

கொத்தனார் இடுப்பில் கை வைத்தபடி இறங்கினார்.

"ஒன்றரைதானே, வரேன். அந்தப் பொண்ணு மட்டும் வராம பாத்துக்க."